கோப்பையும் கிண்ணமும்

புதுச்சேரிப் பக்கம் திருபுவனை ஏரிக்கரையில் மாலை நடை போனபோதுதான், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துச் சம்பந்தி அதைக் கேட்டார். "என்ன மாஸ்டர், இஞ்ச பள்ளிக்கூடத்தில ஒரு கிறவுண்டே இல்லை. பிறகு பிள்ளையள் எப்பிடி விளையாட்டுக்குள்ள வாறது? காசு கட்டி அகடமியில விடுறதுதானோ?"

அவர் குத்திக்காட்டவேண்டும் என்று கேட்டவரில்லை. அன்று காலை பக்கத்துப் பள்ளி ஒன்றைப் பார்த்திருந்தார். கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த இடமெல்லாம் ஆசிரியர்களின் வண்டிகள் நின்றன. கண்ணால் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இந்த மண்ணில் நின்று விசில் ஊதிய எனக்கு அது நெஞ்சில் தைத்தது. விருந்தாளியிடம் வழக்காடக்கூடாது என்று, "வாங்க, அப்படியே பால் வாங்கிட்டுப் போயிடலாம்" என்று பேச்சை மாற்றினேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குள் சம்பந்தம் ஏற்பட்டது பாரிசில். என் தம்பி மகன் அங்கே இருக்கிறான். பிரெஞ்சுக் குடியுரிமை எங்கள் குடும்பத்தில் ஒரு கிளைக்கு உண்டு. அவன் கட்டிக்கொண்டது தெல்லிப்பழைப் பெண்ணை. புதுச்சேரிக்காரர்களும் யாழ்ப்பாணத்தாரும் பாரிஸ் லாசப்பல் பகுதியில் ஒரே கடையில் கறிவேப்பிலை வாங்குகிறவர்கள், சம்பந்திகளாவதில் வியப்பில்லை. போன பிப்ரவரியில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்காகச் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் ஏறினேன். பத்து நாள் இருந்தேன். பார்த்தது கொஞ்சம், சம்பந்தி சொல்லக் கேட்டது அதிகம்.

அங்கே முதல் நாளே என்னை நிறுத்தி வைத்தவை சொற்கள்தான். நாம் கிரிக்கெட் என்பதை அவர்கள் பத்திரிகையில் துடுப்பாட்டம் என்று எழுதுகிறார்கள். பேச்சில் கிரிக்கெட்தான், அதையும் 'கிரிக்கெற்' என்று எழுதுவார்கள். ரன் அவர்களுக்கு ஓட்டம், ஓவர் பந்துப் பரிமாற்றம், பீல்டிங் களத்தடுப்பு, டாஸ் நாணயச் சுழற்சி. நம் கைப்பந்து அங்கே கரப்பந்து; அதுதான் இலங்கையின் தேசிய விளையாட்டும். நம் கால்பந்து உதைபந்து. தடகளத்துக்கு மெய்வல்லுநர் போட்டி என்று பெயர். நாம் நீளம் 'தாண்டுகிறோம்', அவர்கள் நீளம் 'பாய்கிறார்கள்'. மும்முறைத் தாண்டுதல் முப்பாய்ச்சல் ஆகிறது. நம் தொடர் ஓட்டம் அங்கே அஞ்சல் ஓட்டம். கையிலிருக்கும் கட்டையைக் கடிதம்போல் எண்ணி அடுத்தவன் கையில் சேர்க்கிற ஓட்டம்! இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் அவர்களுக்குத் தலை வணங்குவேன்.

பரிசு வாங்குமிடத்திலும் சொல் மாறுகிறது. நாம் ஜெயித்துக் கொண்டுவருவது கோப்பை, அவர்கள் கொண்டுவருவது கிண்ணம். "கோப்பை எண்டா நாங்கள் சோறு தின்னுற தட்டெல்லோ" என்றார் சம்பந்தி. எங்கள் வீட்டில் கிண்ணம் என்றால் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைவது. இரண்டு பக்கமும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத்தான் மேடையில் தூக்கிக் காட்டுகிறோம்.

நம் சொற்களும் குறைந்தவை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் மென்பந்து, கடினபந்து என்று இரண்டாகப் பிரிப்பதை எங்கள் பையன்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: டென்னிஸ் பால், கார்க் பால், ஸ்டிட்ச் பால். ஒரு பையன் எந்தப் பந்துக்கு வந்துவிட்டான் என்று கேட்டாலே, அவன் விளையாட்டில் எத்தனை படி ஏறியிருக்கிறான் என்பது எங்கள் ஊரில் தெரிந்துவிடும். புதுச்சேரியில் இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்க் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதை நாங்கள் எங்களுடையதாக ஆக்கிக்கொண்டோம். இந்த ஆட்டத்தை யாழ்ப்பாணத்தில் யாரும் எனக்குக் காட்டவில்லை.

இனி நான் பார்த்த ஒன்றை உள்ளபடி சொல்கிறேன். தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சம்பந்தி என்னை அழைத்துப் போனார். மாணவர்களை இல்லம் இல்லமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு இல்லத்துக்கும் மைதான ஓரத்தில் ஒரு பந்தல். பனையோலையும் வண்ணத் துணியும் அட்டையும் கொண்டு பிள்ளைகளே கட்டியது. ஒன்று கோட்டை வாசல் மாதிரி இருந்தது, இன்னொன்று கப்பல் மாதிரி. பந்தல் அலங்காரத்துக்கும் புள்ளி உண்டு. காலையில் அணிநடை. கொடி பிடித்து முன்னே வந்த பெண் பிள்ளையின் முழங்கை கடைசிவரை அசையவில்லை. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டித் தாய்மார் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பழைய மாணவர் ஓட்டத்தில் ஓடினார். நான் வேலை பார்த்த எந்தப் பள்ளியிலும் ஆண்டு விழாவுக்குக் கூடும் கூட்டம் விளையாட்டு விழாவுக்குக் கூடியதில்லை. இதை மறைக்க மாட்டேன்.

அங்கே ஒரு பிள்ளை விளையாட்டுக்குள் நுழைவது பள்ளி வாசல் வழியாகத்தான். இல்லம், பள்ளி, கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிகள் போகின்றன. பள்ளியின் பெயர் வாழ்நாள் முழுக்க அவன் கூடவே வருகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, சென்ற் ஜோன்ஸ் கல்லூரி என்ற இரண்டு பள்ளிகளுக்கும் இடையே நடக்கும் பெரிய கிரிக்கெட் ஆட்டத்தை வடக்கின் பெரும் போர் என்கிறார்கள். 1904-ல் தொடங்கியது. மார்ச் மாதத்தில் மூன்று நாள் நடக்கும் அந்த ஆட்டத்துக்கு லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் வருவதையும், பப்பரே வாத்தியம் ஊரையே அதிரவைப்பதையும் சம்பந்தி அரை மணி நேரம் கண்கள் மின்னச் சொன்னார். அந்த மத்திய கல்லூரியிலிருந்துதான் விஜயகாந்த் வியாஸ்காந்த் வந்தார். 2020-ல் பதினெட்டு வயதில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகப் பந்து வீசினார். 2023-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைச் சட்டை அணிந்தார். 2024-ல் ஐபிஎல்லில் ஐதராபாத் அணிக்கு ஆடினார். சம்பந்தி இந்தப் பெயரைச் சொன்னபோது நானும் ஒன்று சொன்னேன்: "கடைசியில ஐதராபாத்துக்குத்தானே வந்தாரு?" அவர் சிரித்துவிட்டு, "வந்தவர்தான், ஆனா பள்ளிக்கூடம் எங்கட" என்றார்.

எங்கள் வழி வேறு. இங்கே விளையாட்டு தெருவில் தொடங்குகிறது. அறுவடை முடிந்த வயலில், ஏரி வற்றிய மண்ணில், மதகடிப்பட்டில் செவ்வாய்ச் சந்தை கலைந்த மறுநாள் காலியாகக் கிடக்கும் திடலில் தொடங்குகிறது. ஊருக்கு ஒரு கைப்பந்து வலை, பொங்கலுக்கு ஒரு கபடிப் பந்தயம். எந்தப் பள்ளி என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊர், எந்த டீம் என்றுதான் கேட்பார்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜன் சென்னை லீக்குக்குப் போய், தமிழ்நாடு பிரீமியர் லீக், ஐபிஎல் என்று ஏறி, 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். அவரை ஏற்றிவிட்டது கல்லூரியோ பழைய மாணவர் சங்கமோ அல்ல. ஊர்க்காரர் ஒருவரின் கண்ணும் ஊர்த் திடலும்தான். பெரிய கல்லூரி வாசலைத் தாண்ட முடியாத பிள்ளைக்கும் எங்கள் பக்கம் ஒரு சந்து உண்டு.

இன்னொன்றையும் சம்பந்தி கவனிக்கவில்லை. விளையாட்டை வாழ்க்கையாக எடுத்துக்கொள்வது என்றால் ஆடுவது மட்டும்தானா? ஒரு ஆட்டம் நடக்க வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருபத்திரண்டு பேர் போதாது. அம்பயர் வேண்டும், ஸ்கோரர் வேண்டும், ஆடுகளம் பராமரிப்பவர் வேண்டும். பிசியோ, பயிற்சியாளர், வீடியோ பிடித்து அலசுபவர், வர்ணனையாளர், பந்தும் மட்டையும் விற்பவர் என்று பட்டியல் நீளும். வில்லியனூர்ப் பக்கம் துத்திப்பட்டில் கிரிக்கெட் மைதானம் வந்த பிறகு இந்த வேலைகள் எங்கள் கண்ணெதிரில் வந்துவிட்டன. புதுச்சேரி பிரீமியர் லீக்கில் வில்லியனூர், ஊசுடு என்று எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே அணிகள் ஆடுகின்றன.

என்னிடம் படித்த பையன் ஒருவன். அப்பா திருபுவனை கூட்டுறவு நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஆஃப் ஸ்பின் போடுவான்; ஆனால் மாநில அணிக்குப் போதாது, அது அவனுக்கே தெரியும். கணக்கில் புலி. "ஸ்கோரர் பரீட்சை எழுதுடா" என்றேன். கிரிக்கெட் சட்டங்கள் 42. அதில் மூன்றாவது சட்டம் முழுக்க ஸ்கோரர்களைப் பற்றியது. அவன் அவற்றை நோட்டில் தமிழில் எழுதி வைத்துப் படித்தான். இரண்டாவது முயற்சியில் தேறினான்.

ஒருநாள் துத்திப்பட்டில் அவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஸ்கோரர்கள், ஆளுக்கொரு புத்தகம். பந்துவீச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற மை. அம்பயர் இரண்டு கைகளையும் விரித்து வைடு காட்டினால், இவன் கை தூக்கி "கண்டுகொண்டோம்" என்று சொல்லும்வரை அவர் அடுத்த பந்துக்கு விடமாட்டார். ஓவர் முடிந்ததும் இருவரும் எண்களைச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். ஆறு பந்தும் ரன் இல்லாமல் போனால் ஆறு புள்ளிகளைக் கோடிட்டு இணைத்து ஆங்கில 'எம்' போடுகிறான். அதில் ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் அதையே தலைகீழாக 'டபிள்யூ' ஆக இணைக்கிறான். மூன்று மணி வெயிலில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு, வலது கை நிற்காமல் ஓடியது. அந்த மைதானத்தில் அவனைத் திரும்பிப் பார்க்கிறவர் யாருமில்லை. ஆனால் அவன் எழுதாத ரன் எவன் கணக்கிலும் சேராது. நூற்பாலைக்காரர் மகன் இன்று விளையாட்டில் சம்பாதித்துச் சாப்பிடுகிறான்.

ஆடுகளம் போடுவதும் அப்படித்தான். களிமண் எவ்வளவு, எப்போது நீர் காட்டுவது, எத்தனை நாள் காயவிட்டு ரோலர் ஓட்டுவது என்பதெல்லாம் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே ஈரம் சொல்லும் விவசாயி மகனுக்கு வரும். பாகூரிலும் திருபுவனையிலும் அந்தக் கை உள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

படிப்பு வழியும் எங்கள் பக்கம் அகலம். நான் படித்த சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை ஹாரி பக் 1920-ல் தொடங்கினார். இலங்கையிலிருந்தும் அங்கே வந்து படித்திருக்கிறார்கள். பாட்டியாலாவில் 1961 முதல் தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. எந்த மாநிலத்துக்காரரும் அங்கே போய்ப் பயிற்சியாளர் பட்டயம் வாங்கலாம். தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம். ரயில்வே, தபால், வருமான வரி, காவல் துறை என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா. கபடி ஆடி ரயில்வே வேலைக்குப் போனவர்களால் எத்தனையோ குடிசை வீடுகள் மாடி வீடுகளாகியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரியையும், பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர் பதவி இருப்பதையும் சம்பந்தி சொன்னார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் பிள்ளையைக் களத்திலிருந்து இழுத்து டியூஷனில் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த விஷயத்தில் திருபுவனைக்கும் தெல்லிப்பழைக்கும் வேறுபாடு இல்லை.

அவரிடம் ஒன்று கேட்டேன்: "நீங்க சொல்ற பள்ளியெல்லாம் நூறு வருஷம், இருநூறு வருஷம் ஆன பெரிய கல்லூரிங்க. அந்த வாசலுக்கே வர முடியாத பிள்ளை என்ன செய்யும்?" சற்று யோசித்துவிட்டு, "தர்ஜினி சிவலிங்கம்" என்று ஒரு பெயரை மட்டும் சொன்னார். புன்னாலைக்கட்டுவன் பெண். ஆறு அடி பத்து அங்குல உயரம். போர்க் காலத்தில் வளர்ந்தவர். நெட்பால் என்னும் வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்காக ஆடி, 2018-ல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். ஆஸ்திரேலியாவில் கழக அணிகளுக்கும் ஆடினார். எனக்குப் பதில் வரவில்லை. வலைப்பந்தாட்டத்தை எங்கள் பள்ளிகளில் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை.

அதே மூச்சில் அவருக்கு நான் நினைவூட்டியதும் உண்டு. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கம் 2016-ல் புதுப்பிக்கப்பட்டது இந்தியாவின் உதவியில். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முரளிதரன் கண்டியில், கட்டுகஸ்தோட்டை அந்தோனியார் கல்லூரியில் ஆடி, கொழும்பு தமிழ் யூனியன் கழகத்துக்குப் போய் உயர்ந்தவர். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து போனவர். அதனால் அவரில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றேன். "பங்கு கேக்கிறதுக்கு இந்தியா முதல்ல நிக்கும்" என்றார் சம்பந்தி. அப்போது தேநீர் வந்தது.

இந்தியா என்று அவர் சொன்னதும் எனக்கு வேறொன்று உறைத்தது. கொழும்பைத் தாண்டாமல் யாழ்ப்பாணப் பிள்ளைக்கு வழியில்லை என்ற குறையைப் பத்து நாளில் பலர் வாயால் கேட்டேன். அந்த வலி எனக்குப் புதிதில்லை. 2000-களின் தொடக்கத்தில் வேகமாகப் பந்து வீசும் பையன் ஒருவனை வெளியூரில் ஒரு தேர்வுக்கு அழைத்துப் போயிருந்தேன். மேசையில் இருந்தவர் கேட்டார், "எந்த ஊர்?" "பாண்டிச்சேரி." "அப்ப எந்த மாவட்டத்துக் கணக்குல எழுதறது?" அவன் ஆறு பந்து போடுவதற்குள் அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பும் பேருந்தில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்நாட்டுக்காரர் எங்களைப் பாண்டி என்பார். வெளியே போனால் எங்களையே தமிழ்நாடு என்பார்கள். சொந்தப் பெயரில் ஒரு அணி இல்லாத ஊர்ப் பிள்ளை எந்த வரிசையில் நிற்பான்?

2018-ல் அந்த நிலை மாறியது. புதுச்சேரி தன் பெயரிலேயே ரஞ்சிக் கோப்பை ஆடத் தொடங்கியது. அந்த முதல் பருவத்திலேயே ஒரு சோதனை. விஜய் ஹசாரே ஒருநாள் போட்டித் தொடரின் தொடக்கத்தில் வெளியூர் வீரர்கள் 8 பேருக்கு ஆடத் தரப்பட்டிருந்த தகுதி விதி விலக்கை இந்தியக் கிரிக்கெட் வாரியம் திரும்பப் பெற்றது. அவர்கள் அணியிலிருந்து விலக வேண்டி வந்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எனக்கு வருத்தத்தைவிட நம்பிக்கைதான் வந்தது. எங்கள் அணியில் எங்கள் பிள்ளைகள் என்ற பேச்சு அன்றைக்கு டீக்கடை வரை வந்துவிட்டது. அந்தப் பேச்சு ஓயாமல் இருக்க வேண்டும் என்பதே இன்றும் என் ஆசை. மைதானம் எங்கள் பக்கத்தில் இருந்து, ஆடுகிறவன் வேறெங்கோ இருந்து வந்தால், எங்கள் பிள்ளைக்கு வெளிக் கம்பிதான் மிஞ்சும்.

ஆகவே என் தீர்ப்பு இது. தொடங்கிவைப்பதில் அவர்கள் முறை சிறந்தது. பிள்ளையை ஒரு பள்ளி கையில் எடுத்து, பெயர் கொடுத்து, ஊரே கூடிப் பார்க்க ஓடவைக்கிறது. தொடங்கிய பிள்ளையைப் பிழைக்கவைப்பதில் எங்கள் முறை சிறந்தது. ஆட்டத்தில் தோற்றவனுக்கும் இங்கே ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு ரோலர், ஒரு விசில் இருக்கிறது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பள்ளி மைதானம். அதை வெட்கமில்லாமல் கேட்டு வாங்கலாம்.

திருபுவனை, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு விளையாட்டில் ஆசை என்றால் அகாடமிக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் அவனுக்கு எது வரும் என்று பாருங்கள். ஆட வருமானால் ஆடட்டும். கணக்கு வருமானால் ஸ்கோரர் பரீட்சை எழுதட்டும். சட்டம் பேசுகிறவன் அம்பயர் பரீட்சை எழுதட்டும், சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவன் பட்டம் முடித்து பி.பி.எட். சேரட்டும். பெண் பிள்ளைகளுக்கும் இதே வாசல்கள்தான். வாங்கிய பங்கேற்புச் சான்றிதழ் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் ஒரு கோப்பில் வையுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வரிசையில் அந்தத் தாள்தான் பேசும்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் மிச்சமிருக்கும் காலி இடத்தில் இன்னொரு கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், அங்கே நூறு மீட்டர் கோடு ஒன்று போட முடியுமா என்று ஒருமுறை அடியளந்து பாருங்கள். வண்டிகளை வெளியே நிறுத்தலாம். அடுத்த பொங்கலுக்குச் சம்பந்தி வருகிறார். அதற்குள் எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியிலாவது அந்தச் சுண்ணாம்புக் கோடு இருக்க வேண்டும்.